நடந்தால் தேயுமா முட்டி?

முழங்கால் மூட்டின் முதுமைக்கால நோய்க்குத் தமிழில் ‘மூட்டுத் தேய்மானம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. செருப்பின் அடிப்பாகமும் காரின் டயரும் ஓட ஓடத் தேய்வதுபோல முட்டியும் தேய்கிறது, ஆகவே நடையைக் குறைத்தால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றிவிடலாம் என்ற கணக்கு அந்தப் பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. மலேசியாவின் பூச்சோங் வட்டாரத் தாமான் குடியிருப்புகளில் முட்டி வலியுடன் வாழும் பலர் கோடாலித் தைலமும் கையுமாக நாற்காலியில் ஒடுங்கிவிடுவதற்கு நோயைவிட இந்தக் கணக்கே பெரிய காரணம் எனலாம். கணக்கோ தவறானது.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான படலமே குருத்தெலும்பு. அதன் எடையில் பெரும்பகுதி நீர். அந்த நீரைக் கொலாஜன் என்னும் புரத நார்களின் வலையும், புரோட்டியோகிளைக்கன் என்னும், நீரைப் பற்றிக்கொள்ளும் பெரிய மூலக்கூறுகளும் சேர்ந்து தேக்கி வைக்கின்றன. முதிர்ந்த குருத்தெலும்பில் இரத்தக் குழாய் கிடையாது என்பதால், அதற்குள் சிதறிக் கிடக்கும் உயிரணுக்கள் தமக்கு வேண்டிய உணவை மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்திலிருந்தே பெற்றாக வேண்டும். கால் ஊன்றும்போது பஞ்சுபோல் பிழியப்பட்டு, எடை நீங்கும்போது மீண்டும் திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயக்கம் இந்த ஊட்டத்துக்குத் துணைநிற்கிறது. ஆரோக்கியமானவர்கள் ஐம்பது முறை முழங்காலை மடக்கி எழுந்த பிறகு, முட்டிச்சில்லின் குருத்தெலும்பு சராசரியாக 6 விழுக்காடு கன அளவு குறைந்ததையும், பழைய நிலைக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆனதையும் 1999இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு எம்.ஆர்.ஐ. படங்களின் வழி காட்டியது. இதற்கு மறுபக்கமும் உண்டு: தண்டுவடக் காயத்தால் கால் செயலிழந்தவர்களுக்கு, மூட்டில் எடையே விழாத நிலையில், குருத்தெலும்பு மெலிந்துபோகிறது. டயர் நின்றுகொண்டிருந்தால் இப்படி மெலியுமா?

ஏற்கெனவே பாதிக்கப்பட்ட முட்டிக்கும் இது பொருந்துமா என்பதே நியாயமான கேள்வி. சுவீடனின் லுண்ட் ஆய்வாளர்கள், முட்டிக்குள் இருக்கும் பிறைச்சவ்வின் ஒரு பகுதி அறுவையில் நீக்கப்பட்டதால் தேய்மான அபாயத்தில் இருந்த 45 பேரைக் கொண்டு நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு மாதம் மிதமான பயிற்சி செய்தவர்களின் குருத்தெலும்பில் நீரைப் பிடித்துவைக்கும் மூலக்கூறுகள் கூடியதற்கான அடையாளம் தென்பட்டது. பின்லாந்தில் மாதவிடாய் நின்ற, இலேசான தேய்மானமுள்ள பெண்கள் 80 பேரிடம் ஓராண்டு குதித்தல் பயிற்சியைச் சோதித்தபோதும் குருத்தெலும்புக்குக் கேடு நேரவில்லை. எனினும் இவற்றை மிகைப்படுத்தலாகாது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்வதெல்லாம், மருத்துவ நோக்கிலான பயிற்சி குருத்தெலும்புக்குத் தீங்கு செய்வதில்லை என்பதுதான். போன குருத்தெலும்பைப் பயிற்சி வளர்த்துத் தராது. குறைவது வலி, கூடுவது தொடைத் தசையின் வலு. வலி குறைவதற்குக் குருத்தெலும்பு வளர வேண்டிய கட்டாயமும் இல்லை, ஏனெனில் அதில் நரம்பே கிடையாது. வலிப்பவை அடியிலுள்ள எலும்பும் சுற்றியுள்ள சவ்வுமே. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானத்தைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

மூட்டு, தசை நோய்கள் குறித்து மலேசியாவில் நடத்தப்பட்ட ‘கோப்கார்ட்’ (COPCORD) கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் 9.3 விழுக்காட்டினர் முட்டி வலியைக் கூறினர். 65 வயதைக் கடந்தவர்களிடையே அது 39 விழுக்காடு. மின்தூக்கியில்லாத அடுக்குமாடி வீடுகளில் நாள்தோறும் படியேறும் குடும்பங்களுக்கு இது வெறும் எண்ணன்று.

பயிற்சியைத் தொடங்குவோரிடம் அனுபவம் காட்டும் முதல் பிழை, வாரம் முழுதும் உட்கார்ந்திருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக புக்கிட் வாவாசான் குன்றேறுவது. மேட்டில் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் தொடைத் தசை நீண்டபடியே உடலைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதால், பழகாத முட்டி வழக்கமாக இறக்கத்தில்தான் முறையிடும். ஆகவே முதல் சில வாரங்களுக்கு ஏரிக்கரையின் சமதள நடைபாதையோ, மழை நாளில் பேரங்காடியின் உட்புறமோ போதும். அதோடு, உயரமான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் மெதுவாகப் பத்து முறை எழுந்து உட்காரும் பயிற்சியை வாரம் மூன்று நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாற்காலி தாழ்வாக இருந்தால் தலையணை ஒன்றைப் போட்டுக்கொண்டு, வலு கூடக்கூட அதை எடுத்துவிடலாம். நடை மட்டும் போதும் என்று எண்ணுவோர் பலர். தொடைக்கு வலு சேர்க்க நடை போதாது.

அளவை எப்படி அறிவது? பத்துக்கு ஐந்து என்ற அளவைத் தாண்டாத வலி பயிற்சியின்போது வரலாம். மறுநாள் அதே நேரத்துக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அளவு சரி, இறங்காவிட்டால் பயிற்சியை நிறுத்துவதற்குப் பதில் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும். உடல் எடையையும் கவனிக்க வேண்டும்: தேய்மானமுள்ள, எடை மிகுந்த முதியோரிடம் செய்த ஆய்வில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைந்தது. முட்டி திடீரென வீங்கிச் சூடேறினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளை ஏற எண்ணுபவர்கள், தீபாவளி முடிந்த கையோடு வீட்டு மாடிப்படியில் இறங்கும் பழக்கத்தையும் தொடங்கிவிடுவது நல்லது. அன்றைய தினம் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு இறங்குவதில் குறையொன்றுமில்லை.