மூல ஓலையும் கிரயப் பத்திரமும்: நிலப் பதிவு பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

நிலமோ மனையோ வாங்குவோரிடம் நிலவும் தவறான நம்பிக்கைகளுள் பெரும்பாலானவை, பதிவையும் உரிமையையும் ஒன்றெனக் கொள்வதிலிருந்தே பிறக்கின்றன. இந்தியாவில் நடைமுறையிலுள்ள 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆவணங்களைப் பதிவு செய்வதற்காக இயற்றப்பட்டது. நிலம் யாருக்குரியது என்பதை அரசே ஆராய்ந்து உறுதி கூறும் பொறுப்பை அது பதிவுத்துறையின்மீது சுமத்தவில்லை. தென் ஆஸ்திரேலியாவில் 1858இல் டாரன்ஸ் என்பவரின் முயற்சியால் வந்த முறையில் அரசின் பதிவேட்டில் பெயர் ஏறுவதே உரிமையாக அமைகிறது என்பதால், அங்கே வாங்குபவர் பழைய பத்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் துருவ வேண்டியதில்லை. இங்கோ, இன்னார் இன்னாருக்கு இன்ன தேதியில் எழுதிக்கொடுத்தார் என்ற செய்தி மட்டுமே பதிவாகிறது. எழுதிக்கொடுத்தவருக்கு அதற்கான உரிமை இருந்ததா என்று ஆராயும் சுமை வாங்குபவர் தலையிலேயே இருக்கிறது.

இந்த வேறுபாட்டை அறியாததால்தான், "சார்பதிவாளர் பார்த்துத்தானே பதிவு செய்தார்" என்ற ஆறுதல் எங்கும் கேட்கிறது. எழுதிக்கொடுப்பவர் நேரில் வந்தாரா, தாம் எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொண்டாரா, அடையாளச் சாட்சிகள் இருவர் உள்ளனரா, தீர்வையும் கட்டணமும் சரியாகச் செலுத்தப்பட்டனவா என்பவையே சார்பதிவாளர் பார்ப்பவை. தமிழ்நாட்டில் 2022இல் சேர்க்கப்பட்ட 22-பி பிரிவு போலி ஆவணங்களைப் பதிய மறுக்கும் அதிகாரத்தை அவருக்கு அளித்திருந்தாலும், உரிமை வழக்கை விசாரிக்கும் நீதிபதியாக அவரை அது ஆக்கிவிடவில்லை. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலையன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற கோபி வழக்கில் மீண்டும் தெளிவாக்கியது.

ஆவணத்தை ஆராய்வது என்றால் என்ன என்பதற்குத் தமிழ் இலக்கியத்தின் மிக விரிவான சான்று, விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாகச் சேக்கிழார் கூறும் வழக்கே ஆகும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றப்பட்ட பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணப் பகுதியில், புத்தூரில் மணக்கோலத்தில் இருந்த சுந்தரரை ஒரு முதிய வேதியர் தடுத்து, அவருடைய பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலைப்படி அவர் தமக்கு அடிமை என்று வாதிடுகிறார். சுந்தரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்துவிட, வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. இறைவன் அடியவரை ஆட்கொண்ட கதையாகவே அது பெரும்பாலும் படிக்கப்படுகிறது என்றாலும், அக்கதை நடக்கும் களம் முழுக்க முழுக்க ஒரு நீதிமன்றமாகும். வழக்கை மெய்ப்பிக்க மூவகைச் சான்றுகளை அவையோர் ஏற்கின்றனர்: ஆட்சி எனப்படும் நெடுநாள் அனுபவம், ஆவணம் எனப்படும் எழுத்து, அயலாரின் நேரடிச் சாட்சி. கிழிக்கப்பட்டது படி ஓலைதான் என்றும், மூல ஓலை தம்மிடம் பத்திரமாக உள்ளது என்றும் முதியவர் கூறுகிறார். அவையில் அதுவும் கிழிபடாது என்ற உறுதியைப் பெற்ற பின்னரே அதை அவர் வெளியே எடுக்கிறார். எதிராளியின் கையில் மூலத்தைக் கொடுக்கலாகாது என்பதை அவர் முன்பே கற்றிருந்தார். கரணத்தான் என்னும் எழுத்தர் அதைப் படிக்கிறார். சாட்சிக் கையெழுத்திட்டிருந்தவர்கள் அவை தம் எழுத்தே என்கின்றனர். அதனோடும் நிறைவடையாமல், பாட்டனார் எழுதிய வேறோர் ஓலை காப்பறையிலிருந்து வரவழைக்கப்பட்டு இரண்டன் எழுத்தும் ஒப்பிட்டுப் பார்க்கப்படுகின்றன. அவை ஒத்திருப்பது கண்ட பிறகே தீர்ப்பு வருகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நூலில் வரும் ஊரவை காட்டிய பொறுமையில் பாதியைக்கூட, இன்று பல லட்சம் ரூபாய் கொடுத்து மனை வாங்குவோர் காட்டுவதில்லை.

அந்த வழக்கின் முதற்பாடம் மூலத்துக்கும் படிக்கும் உள்ள வேறுபாடாகும். "ஜெராக்ஸ் போதும், நம்பரும் தேதியும் இருந்தால் நகல் எடுத்துக்கொள்ளலாம்" என்பது பரவலான நம்பிக்கை. பதிவகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் விற்பவரிடம் மூலப் பத்திரம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு நகலால் விடை சொல்ல முடியாது. அது ஏதேனும் வங்கியிலோ தனியாரிடமோ கடனுக்கு ஈடாக இருக்கலாம். முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் சேர்க்கப்பட்டிருந்த 55-ஏ விதியைத்தான் உச்ச நீதிமன்றம் மேற்சொன்ன கோபி வழக்கில் சட்டத்துக்கு முரணானது என நீக்கியது. அதன்பின் அதே நிபந்தனையைச் சட்டத்திலேயே சேர்க்கும் திருத்த மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், தாய்ப்பத்திரம் எனப்படும் முதல் மூலம் தொடங்கி விற்பவர் வரையிலான ஆவணத் தொடரை நேரில் பார்ப்பது வாங்குபவரின் கடமையாகும். மூலம் தொலைந்தது என்று கூறப்பட்டால், காவல்துறையின் சான்றும் நாளிதழ் அறிவிப்பும் கேட்கப்பட வேண்டும்.

கிழித்தால் முடிந்தது என்று சுந்தரர் எண்ணியதற்கு இன்றும் வாரிசுகள் உண்டு. கிரயப் பத்திரம் எரிந்தாலோ கிழிந்தாலோ உரிமை அழிவதில்லை; அதன் பிரதி பதிவகத்தின் முதற்புத்தகத்தில் நிலைத்திருக்கும். அதேபோல், விற்றவர் மனம் மாறித் தாம் மட்டுமே ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவான கிரயத்தை நீக்கிவிடவும் முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022இல் தீர்ப்பளித்தது. அதற்கு இருதரப்பும் சேர வேண்டும், அல்லது உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும்.

நம்பிக்கைகளுள் மிகுந்த சேதம் விளைவிப்பது, "வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை, எனவே சொத்து சுத்தம்" என்பதாகும். வில்லங்கச் சான்று என்பது, கேட்கப்பட்ட காலத்துக்குள், கேட்கப்பட்ட சர்வே எண்ணின்மீது பதிவாகியுள்ள ஆவணங்களின் பட்டியல். அதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமன்று; பதிவு செய்தாலும் அது மூன்றாம் புத்தகத்தில் ஏறுமேயன்றி வில்லங்கச் சான்றில் வராது. தந்தை உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் உரிமை எந்தப் பத்திரமும் இல்லாமலே வந்து சேர்கிறது. அதுவும் சான்றில் தெரியாது. ஆண்பிள்ளைகள் மட்டும் சேர்ந்து பாகப்பிரிவினை எழுதிக்கொண்ட பூர்வீகச் சொத்துகளில், கையெழுத்திடாத மகள்களின் பங்கு அப்படியே நிற்கலாம். தமிழ்நாடு 1989இலேயே, அந்நாளில் மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமை தந்தது. 2005இல் நாடு முழுதும் அது விரிவடைந்தது. நிலுவையிலுள்ள வழக்கும் பெரும்பாலும் சான்றில் தெரியாது. ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கியவர் அதன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ஆகவே வில்லங்கச் சான்றோடு வாரிசுச் சான்றும், அக்கம்பக்கத்தாரிடம் விசாரணையும் சேர வேண்டும்; அயலார் காட்சி என்று பழைய அவை சொன்னது இதனையே.

சான்றைச் சுருக்கமான காலத்துக்குக் கேட்பதும் ஒரு பிழையாகும். பதின்மூன்று ஆண்டுகளுக்கு எடுத்தால் போதும் என்ற பழக்கம், பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உரிமையாகிவிடும் என்ற அரைகுறைச் சட்ட அறிவிலிருந்து வந்திருக்கக்கூடும். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கேனும் பார்ப்பது நல்லது. சர்வே எண்கள் உட்பிரிவாகி மாறியிருக்குமாதலால், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்கவும் வேண்டும். 1993க்கு முந்தைய பத்திரங்களில் விழுப்புரம் பகுதி தென்னாற்காடு மாவட்டம் என்றே குறிக்கப்பட்டிருக்கும் என்பதும் தேடும்போது நினைவில் இருக்க வேண்டியது.

"பட்டா இருக்கிறது, பத்திரம் எதற்கு" என்று கேட்போரும், "பத்திரம் ஆகிவிட்டது, பட்டாவைப் பிறகு பார்க்கலாம்" என்போரும் ஒரே பிழையை இரு முனைகளிலிருந்து செய்கின்றனர். பட்டா என்பது நிலத்துக்கு வரி செலுத்தும் பொறுப்புடையவர் இன்னார் என்று வருவாய்த்துறை வைத்திருக்கும் குறிப்பு; பட்டாவில் பெயர் ஏறுவதால் மட்டும் உரிமை பிறப்பதுமில்லை, பெயர் நீங்குவதால் அது மறைவதுமில்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1980களில் யு.டி.ஆர். என்ற பெயரில் நடந்த நிலப்பதிவேடு மேம்பாட்டின்போது ஏறிய பிழையான பெயர்கள் இன்றளவும் வழக்குகளாக நீள்கின்றன. ஆயினும் பட்டா ஆட்சிக்குச் சான்றாகும். அ-பதிவேடு, சிட்டா, அடங்கல் ஆகிய வருவாய்த்துறை ஆவணங்களோடு அதனைப் பத்திரத் தொடருடன் ஒப்பிடும்போது, இரண்டும் எங்கே பிரிகின்றனவோ அங்கேதான் சிக்கல் ஒளிந்திருக்கும். அரசுப் புறம்போக்கும் கோயில் நிலமும் இவ்வாறே வெளிப்படும். அறநிலையத்துறைக்கு உட்பட்ட கோயில் நிலத்தை உரிய அனுமதியின்றி விற்கும் ஆவணத்தையும், அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவின் புதிய மனையையும் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை விதிக்கிறது.

"பவர் வாங்கியாயிற்று, முழுப்பணமும் கொடுத்தாயிற்று, சொத்து நம்முடையது" என்பது சுருக்கமாகவே மறுக்கத்தக்கது. பொது அதிகார ஆவணம் ஒருவரை இன்னொருவரின் முகவராக்குகிறதே தவிர உரிமையாளராக்குவதில்லை. அத்தகைய கைமாற்றங்கள் விற்பனையாகா என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தீர்ப்பளித்தது. கிரய ஒப்பந்தமும் அவ்வாறே. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவான கிரயப் பத்திரத்தால் மட்டுமே நிறைவேறும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்துக்கும் பதிவு கட்டாயமாகியுள்ளது. நோட்டரியின் முத்திரை இவற்றுள் எதற்கும் ஈடாகாது.

செலவைப் பொறுத்தவரை, பத்திரத்தில் தொகையைக் குறைத்து எழுதினால் தீர்வை குறையும் என்ற எண்ணம் பழையது. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் வழிகாட்டி மதிப்பு எனப்படும் அரசு நிர்ணயத்துக்குக் குறையாமல் கணக்கிடப்படுகின்றன. குறைவாகத் தோன்றினால் முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்கீழ் ஆவணம் மதிப்பு நிர்ணயத்துக்கு அனுப்பப்படும். 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. குறைத்து எழுதியவர், பின்னாளில் வழக்கென்று வந்தால் தாம் கொடுத்த உண்மைத் தொகையை நிரூபிக்க வழியின்றி நிற்பார்.

முந்திப் பதிந்தவருக்கே சொத்து என்ற நம்பிக்கையும் சட்டத்தோடு பொருந்துவதில்லை. கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஆவணத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம். பதிவான பின், பதிவுச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, அது எழுதப்பட்ட நாளிலிருந்தே செயலுக்கு வரும். எனவே மார்ச் மாதத்தில் எழுதி ஜூனில் பதிந்த கிரயம், ஏப்ரலில் எழுதி அன்றே பதிந்த இன்னொரு கிரயத்தை வெல்லக்கூடும். சாட்சிக் கையெழுத்திட்ட உறவினர் தம் உரிமையை விட்டுக்கொடுத்தவராகிறார் என்று கருதுவதும் அவ்வாறே தவறு. சாட்சி, கையெழுத்தானதைக் கண்டவர் மட்டுமே. பங்காளி விட்டுக்கொடுக்க வேண்டுமானால் எழுதிக்கொடுப்பவர்களுள் ஒருவராகவே கையெழுத்திட வேண்டும், அல்லது விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும்.

பத்திரத்தில் எழுதிய அளவு தரையிலும் இருக்கும் என்பது கடைசியாக எஞ்சும் நம்பிக்கை. பழைய பத்திரங்கள் காணியில் பேசும். ஒரு காணி 57,600 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 1.32 ஏக்கர். இடைக்காலத்தவை ஏக்கரிலும் சென்ட்டிலும் பேசும்; ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பட்டாவோ ஹெக்டேரிலும் ஏரிலும் பேசுகிறது. ஓர் ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட். மூன்று கணக்குகளுக்கிடையே மாற்றி எழுதும்போது தவறும் சில சென்ட்டுகள், செக்குபந்தி எனப்படும் நாலெல்லை விவரத்தில் பக்கத்து நிலத்துக்காரரின் இறந்துபோன பாட்டனார் பெயரே தொடர்ந்து எழுதப்படும் வழக்கத்தோடு சேர்ந்து, எல்லைத் தகராறுகளாகின்றன. எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நில அளவரைக் கொண்டு அளந்து, கற்கள் இருக்குமிடத்தைப் பார்ப்பதே முறை. திருவெண்ணெய்நல்லூர் அவையோர் இந்த ஒன்றில் மட்டும் வரிசை தவறினர்: தீர்ப்பெல்லாம் வழங்கிய பின்னரே, இவ்வூரார் என்று சொல்லிக்கொண்ட அம்முதியவரிடம் வீடு எங்கே என்று கேட்டனர். அவர்களை அழைத்துக்கொண்டு அருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்த அவர், பிறகு கண்ணுக்குத் தென்படவில்லை.