நான்கு மணி நேரத்துக்கு ஒரு படுக்கை

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு பிசினஸ் கிளாஸில் போகலாமா என்று யாராவது கேட்டால், எந்த விமானம், எத்தனை மணிக்கு என்றுதான் முதலில் திருப்பிக் கேட்கிறேன். விலையெல்லாம் அப்புறம். விளம்பரங்களில் வெள்ளைப் போர்வைக்குள் ஒருவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பாரே, அது லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போகிறவர்களின் படம். நம் தடத்தில் வானத்தில் இருப்பதே நான்கு மணி நேரம். அதற்குள் சாப்பாடு, தூக்கம் இரண்டும் முழுசாகக் கிடைக்காது. எது வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புவது நல்லது.

எங்களுக்கு டிக்கெட் போட்டது சிங்கப்பூரில் இருக்கும் தம்பி. அம்மாவுக்கு முழங்கால் வலி, எகானமியில் காலை மடக்கி உட்கார முடியாது என்பது அவன் சொன்ன காரணம். விலையைக் கேட்டதும் அம்மா, “அந்தக் காசுல ஒரு ஜோடி கம்மல் எடுத்திருக்கலாமேடா” என்றார். நியாயமான பேச்சுதான். எகானமியைப்போல இரண்டு மூன்று மடங்கு சர்வசாதாரணமாக ஆகிறது. போதாக்குறைக்கு வரியும் வேறு. எகானமி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பிசினஸுக்கு 12 ஆக இருந்ததை 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆக்கிவிட்டார்கள். இணையத்தில் முதலில் கண்ணில் படும் தொகையை நம்பாமல், வரி சேர்ந்த கடைசித் தொகையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பிசினஸ் கிளாஸ் என்று டிக்கெட்டில் அச்சடித்திருப்பதை வைத்து எப்படிப்பட்ட இருக்கை வரும் என்று சொல்லிவிட முடியாது. அதை முடிவு செய்வது விமானத்தின் மாதிரி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 787-10 வந்தால் யோகம். 2018-இல் உலகிலேயே முதல் ஆளாக அந்த மாதிரியை வாங்கியது அவர்கள்தான். அதில் பிசினஸில் 36 இருக்கைகள், வரிசைக்கு நான்கு பேர், பொத்தானை அழுத்தினால் 76 அங்குலத்துக்கு நீளும் சமதளப் படுக்கை. பிராந்தியத் தடங்களுக்கான ஏ350-இலும் இதே இருக்கைதான், எண்ணிக்கை மட்டும் 40. மலேசியா ஏர்லைன்ஸில் 737-800 வந்தால், இரண்டிரண்டாகப் போட்ட, பின்னால் சாயும் அகலமான நாற்காலிதான். அதே நிறுவனத்தின் ஏ330 வந்தால் படுக்கை உண்டு. பெயர் ஒன்று, பொருள் வேறு. திருச்சி, கோவையிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. அங்கிருந்து பறப்பவை ஸ்கூட் போன்ற பட்ஜெட் விமானங்கள். சென்னை–கொழும்புக்கு பிசினஸ் எடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பெல்ட்டைப் போட்டுக் கழற்றுவதற்குள் கட்டுநாயக்கா வந்துவிடும்.

முன்பதிவு செய்யும்போதே விமான மாதிரியைப் பார்த்துவிடலாம், காட்டுவார்கள். ஆனால் அது மாறும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு இன்னொரு தடவை இருக்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். வரிசை அமைப்பு மாறியிருந்தால், படுக்கை போய் நாற்காலி வந்திருக்கலாம் என்று அர்த்தம். ஒருமுறை வேறொரு நிறுவனத்தில் எனக்கு அப்படி ஆனது. கேட்டதற்கு “கேபின் வகுப்பு மாறவில்லையே சார்” என்று பதில் வந்தது.

787-10-இல் இருக்கைகள் ஒன்றுவிட்டு ஒன்று இடம் தள்ளிப் போட்டவை. ஜன்னலோரம் என்று நினைத்து எடுப்பது சில வரிசைகளில் ஜன்னலை ஒட்டியிருக்கும், சில வரிசைகளில் நடைபாதையை ஒட்டியிருக்கும். நடு இருக்கைகளிலும் இதே கதை. ஒரு வரிசையில் இருவரும் தோளோடு தோள் உட்காரலாம். அடுத்த வரிசையில் இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு மேசைகள் வந்துவிடும். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் வரைபடத்தில் இதைக் கவனித்து ஒட்டிய ஜோடியாகப் பிடிக்க வேண்டும். படுக்கும்போது கால் நீட்டுவது முன்னிருக்கையின் மேசைக்கு அடியில் இருக்கும் ஒரு பொந்துக்குள். அம்மா அதற்குள் காலை விட்டதும், “திரும்பிப் படுக்கணும்னா காலை வெளியே எடுத்துட்டுத்தான் திரும்பணும்போல” என்றார். உண்மைதான். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது ஒரு இம்சை. முதல் வரிசையில் அந்தப் பொந்து கொஞ்சம் தாராளமாக இருக்கும், அதனால் கிடைத்தால் அதை விடக் கூடாது.

நீண்டதூரத் தடத்து ஏ350 சிலசமயம் குறுகிய தடத்துக்கும் வரும். அதில் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் படுக்கை வராது. எழுந்து நின்று, முதுகுப் பலகையை முன்னால் மடித்துப் போட வேண்டும். அதன் பின்பக்கத்தில்தான் மெத்தை இருக்கிறது. சிப்பந்திகளைக் கூப்பிட்டால் நொடியில் செய்துவிடுவார்கள். கூச்சப்பட்டு உட்கார்ந்தபடியே தூங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி நேரக் கணக்கு. நாங்கள் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் இரவு பதினொன்றேகாலுக்குப் புறப்பட்டு காலை ஆறேகாலுக்கு சாங்கியில் இறங்கியது. ஏழு மணி நேரம் என்று கடிகாரம் சொல்லும், நம்பாதீர்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. இறங்கும்போது உடம்புக்கு அதிகாலை மூன்றேமுக்கால்தான். மேலே ஏறி பெல்ட் விளக்கு அணைந்து, மேசை விரிப்புப் போட்டு, சாப்பிட்டு முடிக்க ஒரு மணி ஆகிவிடும். இறங்குவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்பே இருக்கையை நிமிர்த்தச் சொல்லிவிடுவார்கள். மிச்சம் இரண்டு மணி நேரத் தூக்கம்.

விமானம் கிளம்புமுன் சிங்கப்பூர்த் தமிழ்ப்பெண் ஒருத்தி அம்மாவிடம் குனிந்து, “ஆண்ட்டி, சாப்பிட்டுட்டுப் படுக்கிறீங்களா, இல்ல இப்பவே தூங்கப் போறீங்களா?” என்று கேட்டாள். “கொண்டா கண்ணு, அவ்வளவு காசு குடுத்திருக்கு, என்னதான் போடறீங்கன்னு பார்க்கணும்ல” என்றார் அம்மா. நான் சென்னை லவுஞ்சிலேயே தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டிருந்தேன். எனக்கு எதுவும் வேண்டாம், இறங்கும்வரை எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சக்கரம் தரையை விட்ட கொஞ்ச நேரத்தில் படுத்தேன். மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கினேன். அம்மா வரிசையாக வந்ததையெல்லாம் சாப்பிட்டு, ஒரு தமிழ்ப் படமும் பார்த்துவிட்டு, கண் சிவக்க இறங்கினார். இரண்டு பேருக்கும் கொடுத்த காசு செரித்தது. மூன்றாவது ஒரு கட்சி உண்டு, அவர்களும் எங்களைச் சுற்றி இருந்தார்கள். அரைகுறையாகச் சாப்பிட்டு, அரைகுறையாகத் தூங்கி, இறங்கும்போது எரிச்சலோடு நின்றவர்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் பழக்கதோஷத்தில் சிறப்பு உணவு கேட்டுப் பதிந்துவிடுவார்கள். இந்தியத் தடங்களில் வழக்கமான மெனுவிலேயே சைவம் இருப்பது வழக்கம். மெனுவை முன்கூட்டியே இணையத்தில் பார்த்துவிட்டுப் பிறகு பதியலாம். சிறப்பு உணவு என்று பதிந்துவிட்டால் அந்த ஒரு தட்டுதான், மாற்றிக் கேட்க முடியாது. அசைவக்காரர்களுக்குத் திரும்பி வரும் பயணம்தான் விருந்து. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பெரும்பாலான தடங்களில் ‘புக் தி குக்’ என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். குறைந்தது 24 மணி நேரம் முன்னால் பட்டியலைப் பார்த்து விரும்பியதைச் சொல்லிவைக்க வேண்டும். லாப்ஸ்டர் தெர்மிடோர் என்ற சிங்கிறால் அயிட்டம் அதில் பெயர்போனது. மேலே போய்க் கேட்டால் கிடைக்காது.

தரையில் கிடைக்கும் சலுகைகளையும் கொஞ்சம் தட்டிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். செக்-இன் வரிசை தனி, ஏறுவது முதலில், சந்தேகமில்லை. இமிக்ரேஷனில்தான் ஏமாற்றம். சாங்கியில் தானியங்கிக் கதவுகளுக்கு நீங்கள் எந்த வகுப்பில் வந்தீர்கள் என்று தெரியாது. அங்கே உதவுவது, வருவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் இலவசமாக நிரப்பிவைக்கும் எஸ்ஜி அரைவல் கார்டு. சென்னையில் 2025 ஜனவரியிலிருந்து இந்தியர்களுக்கும் ஓசிஐ அட்டைக்காரர்களுக்கும் மின்கதவு வந்திருக்கிறது. உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் ஒருமுறை பதிவு செய்து விரல்ரேகை கொடுத்துவிட்டால் போதும், கட்டணம் இல்லை. லட்சம் கொடுத்து டிக்கெட் வாங்கியவரைவிட இதைப் பதிந்த எகானமிக்காரர் சீக்கிரம் உள்ளே போய்விடுவார். அம்மாவுக்காகக் கேட்ட சக்கர நாற்காலியும் அப்படித்தான். எந்த வகுப்புக்கும் இலவசம், முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும். தம்பி சொன்ன முழங்கால் காரணத்தில் பாதி அங்கேயே அடிபட்டுப் போனது. வைஃபையும் இப்போது வகுப்பு பார்ப்பதில்லை. 2023 ஜூலையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் எகானமிப் பயணிகளுக்கும் அது இலவசம், கிரிஸ்ஃபிளையர் உறுப்பினராக மட்டும் இருக்க வேண்டும். அதில் சேரவும் காசில்லை.

பிசினஸ் டிக்கெட்டின் நிஜமான லாபம் நம் ஊர்க்காரர்களுக்கு லக்கேஜில் இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் நாற்பது கிலோ! செய்தி தெரிந்ததும் சித்தி வத்தக்குழம்புப் பொடியோடும் வடகத்தோடும் வந்துவிட்டார். ஆனால் ஒரே பெட்டியில் நாற்பதையும் அடைத்துவிடாதீர்கள். எந்தப் பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக் கூடாது, தூக்குகிற தொழிலாளியின் முதுகுக்காக வைத்த விதி அது. இரண்டாகப் பிரித்துக் கட்டுங்கள். கையில் கொண்டுபோக ஏழு ஏழு கிலோவில் இரண்டு பை. பெட்டியில் ‘பிரையாரிட்டி’ என்று ஒரு சீட்டு ஒட்டுவார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சீட்டோடு என் பெட்டி எல்லோருடையதற்கும் கடைசியாக வந்த விமான நிலையமும் உண்டு.

அம்மாவோடு திரும்பி வந்தது வேறு அனுபவம். இரவு எட்டு மணிக்குமேல் சாங்கியில் கிளம்பி, பத்து மணிவாக்கில் சென்னை. மாலையிலேயே சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சில்வர்கிரிஸ் லவுஞ்சுக்குப் போய்க் குளித்து, உடை மாற்றி, லக்சா சாப்பிட்டு, சாவகாசமாக ஏறினோம். தூங்கும் கவலை இல்லாததால் சாப்பாடு சாப்பாடாக இருந்தது. இறங்கியதும் வீட்டுக் கட்டிலில் தூங்கிக்கொள்ளலாம். ஆகவே கையில் ஒருவழிக்குத்தான் காசு இருக்கிறது என்றால், போகும்போது எகானமி, வரும்போது பிசினஸ் என்று கலந்து வாங்கலாம், அப்படியும் விற்கிறார்கள். வாங்குமுன் எகானமி வழியில் எத்தனை கிலோ என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாற்பது கிலோ இருப்பது பிசினஸில் பறக்கும் பக்கத்துக்கு மட்டும்தான். சித்தியிடம் அதை முன்னாடியே சொல்லிவிட வேண்டும்.