தலையா, நெஞ்சா?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறேன். நண்பர்கள் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். முயல் சுடும் .22 துப்பாக்கியாலேயே தலையைக் குறிபார்த்தால் மான் துடிக்காமல் செத்துவிடாதா?

பதில்: முதலில் அந்த .22-ஐ வீட்டிலேயே பூட்டி வையுங்கள். அங்கே 1991-ஆம் ஆண்டு மான் சட்டப்படி, பெரிய மான்களுக்குக் குழல் விட்டம் 0.240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குண்டு கிளம்பும்போது 1,700 அடி-பவுண்டு ஆற்றலாவது இருக்க வேண்டும். .243 போதும். .308 இன்னும் தாராளம்தான். ஆனால் துப்பாக்கி உதைக்குமே என்று கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவருக்கு அதனால் என்ன லாபம்?

தலை ஆசை வேண்டாம். மூளை சிறியது, அதைச் சுமக்கும் தலையோ ஓரிடத்தில் நிற்காது. விரற்கடை தப்பினாலும் தாடை உடைந்த மான் புதருக்குள் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுங்கள். முன்னங்காலை ஒட்டிச் சற்றுப் பின்னே, உடம்பின் கீழ் மூன்றிலொரு பங்கில் குறி வையுங்கள். இதயமும் நுரையீரலும் அங்கேதான். அடிபட்ட பிறகும் ஐம்பது, நூறு மீட்டர் ஓடலாம். உடனே துரத்தாதீர்கள். புல்லில் நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். பச்சையாக இரை கலந்திருந்தால் வயிறு. மோப்ப நாய் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள்.