‘இன்ஹெரிட்’ என்று காட்டினால் கை வைக்காதீர்கள்

உங்கள் ஷேர்டு சர்வரிலும் பிஎச்பி 5.6 ஓடிக்கொண்டுதான் இருக்கும். இல்லை என்பவர் சரியாகத் தேடவில்லை. 2018 டிசம்பர் 31-ஓடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. ஆனாலும் பள்ளிக்கூட ஃபீஸ் பக்கம், நகைக்கடைச் சீட்டுக் கணக்கு, டிராவல்ஸ் புக்கிங் எல்லாம் அதில்தான். எழுதிக்கொடுத்த பையன் எப்போதோ துபாய் போயிருப்பான்.

2021-இல் ஹைதராபாத் கச்சிபௌலியில் ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில் சப்போர்ட் வேலையில் இருந்தேன். சிபேனலில் ஒவ்வொரு டொமைனுக்கும் தனித்தனியாகப் பதிப்பு வைக்கலாம். வைக்காவிட்டால் ‘இன்ஹெரிட்’ என்று காட்டும். சர்வரின் டிஃபால்ட் எதுவோ அதுதான் அந்தத் தளத்துக்கும். எங்கள் டிஃபால்ட் 5.6. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் எந்தப் பதிப்பையும் தேர்ந்தெடுத்தவர்களே அல்ல. முதலில் அத்தனை டொமைனையும் 5.6 என்று வெளிப்படையாகக் குறித்துவிடுவோம், அப்புறம் டிஃபால்ட்டை மாற்றி ஒவ்வொருவராக நகர்த்துவோம் என்று டீம் லீடுக்கு மெயில் போட்டேன். “நோட்டீஸ் அனுப்பியாச்சு, போதும்” என்றார். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரே க்ளிக்கில் 7.4 ஆக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்.

பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை 5.5-லேயே எச்சரித்து, 7.0-இல் எடுத்தே விட்டார்கள். அவற்றை நம்பியிருந்த தளமெல்லாம் வெள்ளைப் பக்கம். எரர் காட்டுவதை நாங்கள் அணைத்து வைத்திருந்ததால் வாடிக்கையாளருக்குக் காரணமும் தெரியவில்லை. தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான். கோயம்புத்தூரும் மதுரையும் என் தலையில். “தம்பி, நேத்து வரைக்கும் ஓடுச்சு, நான் எதையும் தொடவே இல்லையே!” என்றார் ஒருவர். அவர் சொன்னது முழு உண்மை.

சனிக்கிழமை மத்தியானம் 5.6-க்கே திருப்பினார்கள். அது இன்னும் மோசம். அதற்குள் சிலர் டெவலப்பரைப் பிடித்து 7.4-க்கு ஏற்றபடி கோடைத் திருத்தியிருந்தார்கள். இரட்டைக் கேள்விக்குறி ஆபரேட்டர் 5.6-க்குப் புரியாது. காலையில் சரிசெய்தவர்கள் சாயங்காலம் மறுபடி அழைத்தார்கள். ஆகவே, திருப்புவதானாலும் யார் கோடைத் திருத்திவிட்டார்கள் என்ற பட்டியல் இல்லாமல் திருப்பாதீர்கள்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை: பேக்கப், சோதனைக் காப்பி. க்ரானை மட்டும் தனியாகப் பாருங்கள், தளத்தில் ஒரு பதிப்பும் க்ரானில் வேறொன்றும் ஓடலாம்.

பழையதை அடியோடு நிறுத்து என்பார்கள், போன் எடுக்காதவர்கள். “வேர்ட்பிரஸ்ஸே 5.6 போதும்னு சொல்லுதே” என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார், அன்றைக்கு அது உண்மை. அதற்காக அப்படியே விடவும் முடியாது. கேஜ்எஃப்எஸ் இருந்தால் ஒரு அக்கவுன்ட்டில் புகுந்தவன் பக்கத்து அக்கவுன்ட்டின் ஃபைல்களைப் பார்க்க முடியாது, சரி. ஆனால் அங்கிருந்து ஸ்பாம் கிளம்பினால் பிளாக்லிஸ்டில் ஏறுவது எல்லாரும் பகிரும் ஐபி.

நான் சொன்ன வழி இது: பழைய பதிப்புக்காரர்களைத் தனி சர்வரில் வையுங்கள், 5.6-க்கும் பழசுக்கும் திருத்தங்களைத் தொடர்ந்து கொடுக்கும் க்ளவுட்லினக்ஸின் ஹார்டன்டு பிஎச்பியைப் போடுங்கள், அதற்கு மாதக் கட்டணம் தனியாக வாங்குங்கள். நோட்டீஸை யாரும் படிப்பதில்லை, இன்வாய்ஸை எல்லாரும் படிக்கிறார்கள். மாறவே முடியாது என்று சத்தம் போட்டவர்கள் முதல் பில் வந்ததும் டெவலப்பரைத் தேடினார்கள். மேலிடத்திலிருந்து டீம் லீடின் அருமையான யோசனை என்று பாராட்டி ஒரு மெயில் வந்தது. சிசியில் என் பெயரும் இருந்தது.