காற்று விட்டால்தான் கப்பல்

கிரேக்கத்தின் சாண்டோரினி தீவு, அத்தினியோஸ் துறைமுகம். ஆகஸ்ட் முதல் வாரம், நண்பகல். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. ஆனால், நக்சோஸ் தீவுக்கு நாங்கள் ஏறவேண்டிய அதிவேகப் படகு வராது என்று கைப்பேசிக்குச் செய்தி வந்துவிட்டது. "மழை இல்ல, புயல் இல்ல. எதுக்குடா நிறுத்திட்டாங்க?" என்று அம்மா கேட்டார். அப்போது எனக்கும் பதில் தெரியவில்லை.

காற்றுதான் பதில். மெல்டெமி என்று அதற்குப் பெயர். கோடையில் பால்கன் பக்கம் அழுத்தம் ஏறி, துருக்கியின் மேல் அழுத்தம் இறங்கும்போது, ஏஜியன் கடலின் குறுக்கே வடக்கிலிருந்து பாய்ந்து வரும் வறண்ட காற்று இது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் உச்சத்தில் இருக்கும்; விட்டுவிட்டு நாள்கணக்கில் வீசும். ஆண்டு தவறாமல் வருவதால் பண்டைய கிரேக்கர்கள் இதை 'ஆண்டுக் காற்று' என்ற பொருளில் எதேசியாய் என்றார்கள். வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் கொதிக்கும். வெயிலைப் பார்த்து நாளைக் கணிக்கிற நம் பழக்கம் அங்கே செல்லாது. தீவுக்காரர்கள் காலையில் முதலில் விசாரிப்பது எத்தனை 'பொஃபோர்' என்பதைத்தான். பொஃபோர் என்பது காற்றின் வேகத்துக்கான அளவுகோல். ஆறு, ஏழு என்றால் அதிவேகப் படகுகள் தடுமாறத் தொடங்கும். எட்டை நெருங்கினால் பெரிய கப்பல்களுக்கும் தடை வரலாம்.

நாங்கள் போட்டிருந்த திட்டம் பத்து நாளில் ஐந்து தீவுகள்: மிக்கனோஸ், பாரோஸ், சாண்டோரினி, நக்சோஸ், அமோர்கோஸ். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒரு படகு நின்றதும் பின்னால் இருந்த அத்தனையும் சரிந்தது. நக்சோஸில் முன்பணம் கட்டியிருந்த ஓர் இரவு போயிற்று, அமோர்கோஸ் அடியோடு போயிற்று. மறுநாள் பெரிய கப்பல் ஒன்றில் இடம் கிடைத்து நக்சோஸ் போய்ச் சேர்ந்தோம். அங்கேயே நான்கு இரவுகள் தங்கிவிட்டோம். பயணத்தில் மிகவும் பிடித்த நாட்கள் அவைதான். பத்து நாளுக்கு இரண்டு தீவுகள் போதும். மூன்றைத் தாண்டவே கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

காற்றால் கப்பல் நின்றால் உங்கள் உரிமை என்ன என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, மாற்றுப் பயணம் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றை நீங்கள் கேட்டு வாங்கலாம். காரணம் வானிலை என்பதால் இழப்பீடோ தங்குமிடச் செலவோ கிடைக்காது. நான் இது தெரியாமல் அறைக் கட்டணத்துக்காக டிக்கெட் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் வாதாடினேன். அந்த நேரத்தில் மறுநாள் கப்பலுக்கு இடம் பிடித்திருக்க வேண்டும்.

எந்தக் கப்பலில் ஏறுவது என்பதும் முக்கியம். அதிவேகப் படகில் பெரும்பாலும் மூடிய அறைக்குள், விமானத்தில் போல உட்கார்ந்தே போகவேண்டும்; அலை தூக்கிப் போடும்போது அந்த அடைப்பே குமட்டும். வாகனங்களை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போகும் பெரிய கப்பல் மலிவு, ஆட்டம் குறைவு, மேல்தளத்தில் காற்றாட நிற்கலாம். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து நக்சோஸுக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, சாண்டோரினிக்கு எட்டு மணி நேரம் வாக்கில் ஆகும். வயதானவர்கள் உடன் வந்தால் யோசிக்கவே வேண்டாம், பெரிய கப்பல்தான். பெட்டிகளைக் கீழே வாகனத் தளத்திலேயே, தீவின் பெயர் எழுதிய அடுக்கில் வைத்துவிட்டு மேலே போகவேண்டும். தீவுகளில் கப்பல் சில நிமிடங்களே நிற்கும். ஊர்ப் பெயரை அறிவித்ததுமே கீழே இறங்கிப் பெட்டியோடு தயாராக இருங்கள். பிரேயஸ் மிகப் பெரிய துறைமுகம். டிக்கெட்டில் இருக்கும் வாயில் எண்ணை முந்தின நாளே பார்த்துக்கொள்வது நல்லது. 2022-லிருந்து விமான நிலையத்திலிருந்தே மெட்ரோவில் நேராக அங்கே போய் இறங்கலாம்.

ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புத் திருநாள். கிரேக்கத்தில் ஈஸ்டருக்கு அடுத்த பெரிய விழா இது. ஏதென்ஸே காலியாகித் தீவுகளுக்குப் போகும். தினோஸ் தீவில், துறைமுகத்திலிருந்து மேட்டில் இருக்கும் மாதா கோயில்வரை பக்தர்கள் முழங்காலாலேயே ஏறிப் போவார்கள். அந்த நாளை ஒட்டிய வாரத்தில் கப்பலோ அறையோ கடைசி நேரத்தில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

இந்தத் திருநாளால் சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு நன்மை உண்டு. முதல் தேதியிலிருந்து பதினான்குவரை கிரேக்கர்களுக்கு நோன்பு. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கூடாது. நோன்புச் சாப்பாட்டை 'நிஸ்திசிமா' என்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் பல கடைகளில் முகம் மலர்ந்து பட்டியலில் இல்லாததையும் சொல்வார்கள்: ஆலிவ் எண்ணெயில் வெந்த பீன்ஸ், சோறு அடைத்த தக்காளி, வேகவைத்த கீரை. ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். கணவாய், ஆக்டோபஸ், இறால் ஆகியவற்றுக்கு நோன்பில் தடை இல்லை. சொல்லி வைக்காவிட்டால் தட்டில் வந்துவிடும். சாண்டோரினியின் 'ஃபாவா'வை அம்மா ஒரு வாய் எடுத்ததுமே, "இது நம்ம பருப்புக் கடையல்டா" என்றார். மஞ்சளாக மசித்த பருப்பு, மேலே பச்சை வெங்காயம், ஆலிவ் எண்ணெய். நம் ஊர்க் கேசரிப் பருப்பின் இனத்தைச் சேர்ந்த செடியிலிருந்துதான் அது வருகிறது என்று பிறகு படித்தேன். பத்து நாளும் அம்மா அதைத் தேடித் தேடிச் சாப்பிட்டார்.

கடற்கரையையும் காற்றைப் பார்த்தே தேர்ந்தெடுக்கவேண்டும். மெல்டெமி அடிக்கும் நாளில் வடக்கு பார்த்த கரையில் நிற்க முடியாது. நக்சோஸில் அகியோஸ் புரோகோபியோஸ், அகியா அன்னா போன்ற தென்மேற்குக் கரைகளில் தண்ணீர் குளம்போல இருந்தது. கிரேக்கச் சட்டப்படி கடற்கரை பொதுச்சொத்து. சாய்நாற்காலிகள் கரை முழுவதையும் விழுங்குகின்றன என்று 2023-இல் பாரோஸ் மக்கள் போராடினார்கள்; மறு ஆண்டு வந்த சட்டம் கரையில் பாதியாவது காலியாக இருக்கவேண்டும் என்கிறது. துண்டை விரித்து உட்கார யாருக்கும் காசு கொடுக்கவேண்டியதில்லை.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மிக்கனோஸிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் டெலோஸ் தீவின் இடிபாடுகளில் நிழலே கிடையாது. காலை முதல் படகில் போங்கள். தொப்பியும் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் வேண்டும். வெயிலோடு காட்டுத்தீ அபாயமும் உண்டு: ரோட்ஸ் தீவில் 2023 ஜூலையில் தீ பரவி, பல்லாயிரம் பேரைக் கரையோர விடுதிகளிலிருந்து வெளியேற்றினார்கள். 112 என்ற அவசர எண்ணின் எச்சரிக்கை கைப்பேசியில் அலறினால் அதை அணைத்துவிட்டுத் தூங்காதீர்கள். அதில் சொல்லியிருக்கும் பக்கமாக உடனே கிளம்புங்கள்.

சாண்டோரினியில் இயா ஊரின் சூரிய அஸ்தமனத்துக்காக இரண்டு மணி நேரம் தோளோடு தோள் உரச நின்றோம். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. மறுநாள் விடியலில் இமெரோவிக்லியிலிருந்து எரிமலை விளிம்புப் பாதையில் நடந்தபோது எங்கள் இருவரைத் தவிர ஆளே இல்லை. அதே கடல், அதே வெள்ளை வீடுகள்.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவை ஏதென்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். தீவிலிருந்து காலையில் கப்பல், மாலையில் விமானம் என்று ஒருபோதும் போடாதீர்கள். நக்சோஸிலிருந்து எங்கள் கப்பல் ஐந்து மணி நேரம் தாமதமாகத்தான் கிளம்பியது. பிரேயஸில் இறங்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. எங்கள் விமானம் மறுநாள் மாலை.