மரம் வீட்டில் இருக்கிறது, துணி ஆற்றங்கரையில் இருக்கிறது

பழைய சோபாவைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட நினைப்பவர்கள், அதற்கு முன் அதை ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள். அடிப்பக்கம் ஒரு கறுப்புத் துணி அடித்திருப்பார்கள். அதன் மூலையைக் கிழித்து டார்ச் அடித்தால் உள்ளே சட்டம் தெரியும். தேக்கு, வேம்பு, கருவேலம் மாதிரி கெட்டி மரமாக இருந்து, கால்கள் கழுந்தும் துளையுமாகக் கோத்திருந்தால் அதை விற்காதீர்கள். பார்சல் பெட்டி உடைத்த பலகையும் பிளைவுட் துண்டும் சேர்த்துப் பின் அடித்ததாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அனுப்பிவிடலாம். அதற்குச் செலவு செய்வது வீண்.

திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. ரிக் வண்டிக்கும் லாரிக்கும் பாடி கட்டும் ஊர் இது. பாடி கட்டும் இடத்தில் சீட் தைக்கும் குஷன் கடைக்காரரும் இருப்பார். இங்கே இருந்து வடக்கே போர்வெல் போடப் போகிற ரிக் வண்டியில் மாதக்கணக்கில் உட்காருகிறவருக்கு சீட் தைத்த கைக்கு உங்கள் வீட்டு சோபா பெரிய விஷயமில்லை. துணிக்கும் அலைய வேண்டாம். பள்ளிபாளையம் பாலம் தாண்டினால் ஈரோடு, குமாரபாளையம் பாலம் தாண்டினால் பவானி. மரம் வீட்டிலேயே இருக்கிறது. ஷோரூம் இதற்கு மேல் தருவது பளபளப்பும் பிளாஸ்டிக் உறையும்தான். அந்த உறையைக் கழற்றாமலே வருடக்கணக்கில் உட்காரும் வீடுகள் நம் ஊரில் நிறைய.

முதலில் நாற்காலி

சோபாவில் ஆரம்பிக்காதீர்கள். சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கை பழகும், கெட்டாலும் நஷ்டம் குறைவு.

நாற்காலியைக் கவிழ்த்தால் நான்கு ஸ்குரூ இருக்கும். கழற்றினால் இருக்கைப் பலகை தனியாக வந்துவிடும். பழைய பின்களைத் தட்டை ஸ்குரூடிரைவரால் நெம்பிக் குறட்டால் இழுக்க வேண்டும். பழைய ஸ்பாஞ்சு மாவாக உதிரும், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பலகை தொய்ந்திருந்தால் 12 மி.மீ. பிளைவுட்டில் அதே அளவுக்குப் புதிதாக அறுத்து வாங்குங்கள். பலகையில் அரை அங்குலத்தில் ஐந்தாறு துளை போட்டுவிட்டால், உட்காரும்போது காற்று போய் வர வழி இருக்கும், மெத்தை உப்பி நிற்காது.

இருக்கை 18-க்கு 18 அங்குலம், ஃபோம் 2 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். துணி ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வேண்டும். ஃபோமின் உயரத்துக்கு 2, பலகைக் கனத்துக்கு அரை, அடியில் மடித்துப் பின் அடிக்க ஒன்றரை. ஆக 26-க்கு 26. சோபாத் துணி பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வருவதால், குறுக்கே இரண்டு துண்டு விழும். ஆறு நாற்காலிக்குக் கணக்குப்படி 2 மீட்டர் போதும். பருத்தி என்றால் நனைத்தால் சுருங்கும், இரண்டேகால் வாங்குங்கள்.

துணியை நல்ல பக்கம் கீழே இருக்குமாறு விரியுங்கள். அதன் மேல் ஃபோம், அதற்கு மேல் பலகை. முன்பக்க நடுவில் ஒரு பின், எதிர்ப்பக்க நடுவில் இழுத்து ஒரு பின், பிறகு இடம், வலம். இந்த நான்கு பின்னோடு நிறுத்திவிட்டுத் திருப்பிப் பாருங்கள். கோடு போட்ட துணியாக இருந்தால், கோணல் இப்போதே தெரியும், நான்கு பின்னைப் பிடுங்குவது சுலபம். நாற்பது பின் அடித்த பிறகு பார்த்தால் கோணலோடு வாழ வேண்டியதுதான். நேராக இருந்தால் நடுவிலிருந்து மூலையை நோக்கி அடித்துக்கொண்டே போய், மூலைக்கு 2 அங்குலம் முன்னால் நிறுத்துங்கள்.

மூலையில்தான் வேலையின் லட்சணம் தெரியும். துணியின் முனையை நேரே பலகையின் மையத்தை நோக்கி இழுத்து ஒரு பின். இரண்டு பக்கமும் காது மாதிரி துணி மிஞ்சும். ஒரு காதை உள்ளே மடித்து அடியுங்கள், அடுத்த காதை அதன் மேல் மடித்து அடியுங்கள். மடிப்பு பக்கவாட்டில்தான் விழ வேண்டும், முன்பக்கம் வரக்கூடாது. நான்கு மூலையும் ஒரே மாதிரி வந்தால் கடை வேலை என்றே நினைப்பார்கள்.

கையால் அழுத்தும் ஸ்டேப்ளர் கன்னே வீட்டுக்குப் போதும். பிளைவுட்டுக்கு 10 மி.மீ. பின், தேக்குக்கு 8. தேக்கில் பின் பாதியில் நின்றால் சுத்தியால் மெதுவாக ஒரு தட்டு.

ஃபோமைத் தராசில் போடுங்கள்

சோபா விஷயத்தில் பணம் எங்கே போக வேண்டும் என்று கேட்டால், முதலில் ஃபோமுக்கு, அப்புறம்தான் துணிக்கு என்பேன். துணி அசிங்கமானால் மாற்றிக்கொள்ளலாம். ஃபோம் அமுங்கிப்போனால் எந்தத் துணி போட்டும் பயனில்லை. நம் ஆட்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்: துணிக் கடையில் மூன்று மணி நேரம், ஃபோமுக்கு மூன்று நிமிடம்.

கடையில் 23, 28, 32, 40 என்று டென்சிட்டி சொல்வார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதே அந்த எண். உட்காரும் இடத்துக்கு 40, சாயும் இடத்துக்கு 28 அல்லது 32 போதும். 40 என்று சொல்லிக் கொடுத்தது 40-தானா என்று கண்ணால் பார்த்துத் தெரியாது. ஆனால் தராசு சொல்லிவிடும். 24-க்கு 24 அங்குலம், 4 அங்குலக் கனம் உள்ள ஒரு மெத்தை 40 டென்சிட்டியில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வர வேண்டும். 32 என்றால் 1.2 கிலோ. 23 என்றால் 900 கிராமைத் தொடாது. பக்கத்து மளிகைக் கடைத் தராசு போதும், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

டென்சிட்டி வேறு, கடினம் வேறு. முன்னது எத்தனை நாள் உழைக்கும் என்பது, பின்னது உட்கார எப்படி இருக்கும் என்பது. இரண்டையும் பார்த்து வாங்குங்கள். முட்டி வலியுள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கொஞ்சம் கெட்டியாகவே இருக்கட்டும், எழ வசதி. அடியில் 1 அங்குலம் ரீபாண்ட் ஃபோம், மேலே 3 அங்குலம் 40 டென்சிட்டி என்று ஒட்டிக்கொண்டால் ரொம்ப நாள் தாங்கும். இரண்டையும் எஸ்.ஆர். 998 பசையால் ஒட்டலாம். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தள்ளி உட்கார்ந்து ஒட்டுங்கள், அந்தப் பசை தீப்பிடிக்கும். இலவம் பஞ்சைத் தலையணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருக்கையில் அடைத்தால் சீக்கிரமே கட்டி தட்டும்.

சட்டம்

ஃபோம் போடுவதற்கு முன் கால்களை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கழுந்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, ஃபெவிகால் தடவிச் சேர்த்து, சட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி இறுக்கி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். கிளாம்ப் வாங்க வேண்டியதில்லை. மரத்தில் ஊசித் துளையும் கீழே மாவும் இருந்தால் உளுத்திருக்கிறது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மர மருந்தைக் கையுறை போட்டு சிரிஞ்சால் துளையில் ஏற்றி, வாசம் போகும்வரை வெளியே வைக்க வேண்டும். அடிப்பட்டை தொய்ந்திருந்தால் எலாஸ்டிக் பெல்ட்டைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அடிக்க வேண்டும், நாடாக் கட்டில் பின்னுகிற மாதிரியேதான்.

துணி

ரெக்ஸின் வேண்டாம். லாரி சீட்டுக்கு அது சரி, ஈரத் துணியால் துடைத்தால் முடிந்தது. சித்திரை வெயிலில் வீட்டுக்குள் அதில் உட்கார்ந்து எழுந்தால் முதுகுச் சட்டை ஒட்டிக்கொண்டு வரும். சில வருடத்தில் பாளம் பாளமாக உரியவும் செய்யும். இந்தப் பக்கத்து வெயிலுக்குப் பருத்திதான்.

பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. நாம்தான் அதைக் கல்யாணப் பந்தியோடு நிறுத்திவிட்டோம். கெட்டிப் பருத்தி நூலில் நெய்த கோடு போட்ட ரகம், நாற்காலிக்கும் பெஞ்சுக்கும் அருமையாக உட்காரும். செயற்கைப் பட்டு நூலில் கரை போட்டு வரும் மெல்லிய ரகத்தை இருக்கைக்கு எடுக்காதீர்கள், திண்டு உறைக்கு ஆகட்டும். ஜமக்காளத்தை வெட்டினால் நூல் பிரியும். வெட்டப் போகும் கோட்டுக்கு இரு பக்கமும் முதலில் ஒரு தையல் ஓட்டிவிட்டு நடுவில் வெட்டுங்கள். மெஷினில் 18-ம் நம்பர் ஊசி, பாலியெஸ்டர் நூல்.

சென்னிமலை பெட்ஷீட் திரைக்கும் திவான் விரிப்புக்கும் நல்லது, சோபா இருக்கைக்குத் தாங்காது. கரூரில் ஏற்றுமதிக்காக நெய்யும் திரைத் துணிகளில் மிச்சம் கிடைக்கும், கனமும் இருக்கும். ஈரோடு கனி மார்க்கெட்டில் வாரச் சந்தை கூடும் செவ்வாய்க்கிழமை போனால் ரகம் அதிகம். ராஜாஜி 1925-ல் தொடங்கிய புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்துக் கதரையும் மறக்க வேண்டாம். கையால் நூற்ற நூல் உராய்வு தாங்காது என்பதால் உட்காரும் இடத்தில் போடாமல், மேற்கு ஜன்னலுக்குத் திரையாகப் போடலாம். வெயில் வடிந்து வருவது கண்ணுக்கு இதமாக இருக்கும்.

எங்கே வாங்கினாலும் இரண்டு சோதனை. இரண்டு கட்டை விரலுக்கு நடுவே துணியைப் பிடித்து இழுங்கள், நூல் விலகி இடைவெளி தெரிந்தால் இருக்கைக்கு ஆகாது. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் தேயுங்கள், சாயம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். வாங்கி வந்ததும் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே கத்தரி வைக்க வேண்டும்.

மெத்தை உறைக்கு அளவு இது. 24 அங்குல ஃபோமுக்கு 24 அங்குல உறை தைத்தால் தொளதொளவென்று இருக்கும். முடிந்த உறை 23½ வர வேண்டும், ஆகவே மேல், கீழ்த் துண்டுகளைத் தையலோடு 24½-க்கு வெட்டுங்கள். பக்கப் பட்டை 5 அங்குல அகலம், 65 நீளம். பின்பக்க ஜிப் பட்டைக்கு 3 அங்குல அகலம், 31 நீளத்தில் இரண்டு துண்டு. ஜிப் பின்பக்கம் முழுக்க ஓடி, இரு மூலையும் திரும்பி மூன்று மூன்று அங்குலம் வரும். அப்போதுதான் ஃபோமை மல்லுக்கட்டாமல் நுழைக்கலாம். 54 அகலத் துணியில் ஒரு மெத்தைக்கு ஒரு மீட்டர் பிடிக்கும். ஐந்து இருக்கை, ஐந்து சாய்வு உள்ள செட்டுக்குப் பத்து மீட்டர், சுருக்கத்துக்கும் கோடு பொருத்தவும் இன்னொன்று. உள்ளே காடா துணியில் ஒரு உறை தைத்துப் போட்டால், மேலுறையைத் துவைக்கும் நாளிலும் ஃபோம் அழுக்காகாது.

கையிலும் முதுகிலும் துணி இழுத்து அடித்த முழு சோபா என்றால் வீட்டில் முயல வேண்டாம், குஷன் கடைக்கே போங்கள். துணி உங்களுடையதாக இருக்கட்டும். பேச்சை முதலிலேயே பேசிவிடுங்கள்:

"அண்ணா, ஃபோம் 40 போட்ருங்க. துணி ஏத்துறதுக்கு முந்தி ஒரு போன் பண்ணுங்க, வந்து பாத்துக்கறேன்."

"நம்பிக்கை இல்லீங்களா?"

"நம்பிக்கைதானுங்க. டிரைவர் சீட்டுக்குப் போடற மாதிரியே போட்டுக் குடுங்க, அது போதும்."

ஆயுத பூஜைக்கு முந்தின வாரங்களில் போகாதீர்கள். வண்டி வேலை முடியாமல் உங்கள் சோபாவை யாரும் தொட மாட்டார்கள்.

மிச்சத் துணியும் பழைய பெட்டியும்

பழைய வீடுகளில் சுவரோடு கட்டிய சிலாப் அலமாரிக்குக் கதவு இருக்காது. பிளைவுட் கதவு போட்டால் செலவு, அறையும் சிறுத்துத் தெரியும். இரு முனையிலும் கொக்கி அடித்து ஸ்பிரிங் கம்பி இழுத்துத் திரை போடுங்கள். துணி அகலம் திறப்பைப் போல ஒன்றரை மடங்கு. தறி ஓடும் வீடாக இருந்தால் பஞ்சுத் தூசி உள்ளே படியாமல் இருக்க இதுவே போதும். கீழ்த் தட்டில் தினசரிச் சாமான், கண்மட்டத்தில் வாரம் ஒருமுறை எடுப்பது, பரண் மேல் பொங்கலுக்கும் விசேஷத்துக்கும் மட்டும் இறக்கும் பாத்திரம்.

பாட்டி காலத்து ட்ரங்குப் பெட்டி கட்டிலடியில் கிடந்தால் வெளியே இழுங்கள். உள்ளே துருவை உப்புத்தாளால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடியுங்கள். நன்றாகக் காய்ந்ததும் விருந்தாளிப் போர்வைகளை அடுக்கி, மூலைக்கு ஒரு வசம்புத் துண்டு போடுங்கள். மூடியின் மேல் அதே அளவுக்கு 2 அங்குல ஃபோம் வெட்டி, ஜமக்காள மிச்சத்தில் உறை தைத்து, அடியில் நான்கு நாடா வைத்துக் கைப்பிடியோடு முடிச்சுப் போட்டுவிட்டால் ஜன்னலோர இருக்கை ஆயிற்று. பெட்டியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளியே வையுங்கள். ஒட்டி வைத்தால் மூடி முழுக்கத் திறக்காது, மழைக்காலத்தில் ஓதமும் ஏறும்.