குளிசையை எடுக்க வேண்டாம், போடுங்கோ

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்கப் பழக வேண்டும் என்று இந்த வருடம் மூன்று பிள்ளைகள் என் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். மூவரும் கேட்டது ஒரே கேள்விதான்: நல்ல அகராதி எது, ரீச்சர்? வட்டுக்கோட்டையில் இருந்துகொண்டு இதைக் கேட்பது, சங்கானைச் சந்தைக்குள் நின்று மரக்கறி எங்கே விற்கும் என்று கேட்பதுபோல. 1823இல் அமெரிக்க மிஷன்காரர் இங்கே செமினரியைத் திறந்தார்கள், 1855இல் மூடிவிட்டார்கள். அந்த முப்பத்திரண்டு வருடத்தில் இரண்டு மொழியையும் ஒரே மேசையில் வைத்துப் படித்த பொடியள் எத்தனை பேர்! 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் இங்கே படித்தவர்கள்தான்.

அகராதிக்குப் பிறகு வருவோம். அந்தப் பிள்ளைகளுக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு வினைச்சொல்: ‘டேக்’. அதை வைத்துச் சொன்னவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் மனத்தில் வரும் பொருளை நம்பாதீர்கள். நான் நம்பிப் பட்டிருக்கிறேன். படிப்பிக்கத் தொடங்கின புதிதில், மருந்து கொடுக்கும் இடமொன்றுக்கு ஒரு துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ‘சாப்பாட்டுக்குப் பின் இரண்டு குளிசைகளை எடுக்கவும்.’ ஆங்கிலத்தில் ‘டேக்’ என்றிருந்தது, நானும் ‘எடு’ என்று போட்டேன். இரண்டு கிழமை கழித்து அராலிப் பக்கத்து ஆச்சி ஒருவர் றோட்டில் மறித்து, காய்ச்சல் இன்னும் விடவில்லை என்றார். குளிசை போட்டீங்களோ என்றேன். “நீ எழுதினபடி ஒவ்வொரு நாளும் சாப்பிட்டாப் பிறகு எடுத்துத்தானே வைக்கிறன், பிள்ளை!” வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மூடி போட்ட பேணி ஒன்றுக்குள் அத்தனையும் எண்ணிக்கை பிசகாமல் இருந்தன. பிழை ஆச்சியில் இல்லை. எங்கள் ஊரில் குளிசையைப் போடுவார்கள், பாணி மருந்தைக் குடிப்பார்கள், ஊசியும் போடுவார்கள். மருந்தை எடுப்பது என்றால் கடையிலிருந்தோ அலுமாரியிலிருந்தோ எடுப்பதுதான்.

2. வினையைப் பார்க்குமுன் அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘டேக்’குக்குப் பக்கத்தில் படம் இருந்தால் எடுப்போம். நேரம் இருந்தால் அது செல்லும்: “அரை மணித்தியாலம் செல்லும்.” சப்பாத்து இருந்தால் கழற்றுவோம். குளிப்பு இருந்தால் வினையே வேண்டாம், குளித்தால் போதும். தலைக்கு என்றால் தோய்வோம். கதிரை இருந்தால் கதிரையையும் விட்டுவிட்டு “இருங்கோ” என்போம். பிள்ளை தகப்பனைப்போல இருந்தால் “தகப்பனை உரிச்சுப் படைச்சிருக்கு” என்போம். இதில் எங்கே எடுப்பு? ஒரு வினைக்கு ஒரு வினை என்று கோடு கீறிப் பழகின கைக்கு இது முதலில் கஷ்டம்தான்.

3. ஆளா, பொருளா? ஆங்கிலக்காரனுக்குக் குடையைக் கொண்டுபோனாலும் ‘டேக்’, குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனாலும் ‘டேக்’. எங்களுக்கு அப்படி இல்லை. குடை என்றால் கொண்டுபோவோம். பிள்ளை என்றால் கூட்டிக்கொண்டு போவோம். கைக்குழந்தை தூக்கிக்கொண்டு போக வேண்டியது; சைக்கிள் பாரில் இருந்தால் ஏற்றிக்கொண்டு போக வேண்டியது. “அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம்” என்றால் அம்மா நடந்து போய் வரிசையில் இருந்தார் என்று விளங்கும். “அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்” என்றால் கேட்கிறவர் கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு எழும்பி வருவார். ஆங்கில வாக்கியம் இரண்டிடத்திலும் ஒன்றாகவே இருக்கலாம். எது என்று கதையை முழுதாக வாசித்தால்தான் தெரியும். ஆகவே முழுதாக வாசிக்காமல் பேனையைத் தொடக்கூடாது.

4. ஒத்த சொற்களின் பட்டியலைக் கண்டால் சந்தேகப்படுங்கள். வாங்கு, பெறு, பற்று, பறி, பிடுங்கு, கவர், ஏற்றுக்கொள், கைப்பற்று என்று ‘டேக்’குக்கும் அதன் சுற்றத்தாருக்கும் அடுக்கிக்கொண்டே போகலாம். களவெடுப்பதிலும் ‘எடு’ ஒளிந்திருக்கிறது. ஆனால் கடிதம் கிடைப்பது வேறு, அதிலுள்ளதை ஏற்றுக்கொள்வது வேறு. சம்பந்தம் பேசிவிட்டு “உங்கள் கடிதம் கிடைத்தது” என்று மட்டும் பதில் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கொடுப்பதில் தொல்காப்பியர் இதைவிட நுணுக்கம். ஈ, தா, கொடு என்று மூன்று சொல். தாழ்ந்தவன் கேட்டால் ஈ, ஒத்தவன் கேட்டால் தா, உயர்ந்தவன் கேட்டால் கொடு. அந்த விதி உள்ள சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868இல் அச்சில் கொண்டுவந்தவர் மேலே சொன்ன அதே தாமோதரம்பிள்ளை. ஒத்த சொல் என்பது மேலோட்டமாகப் பார்க்கிறவனுக்குத்தான் என்று இந்த மண்ணில் படித்த ஒருவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

5. ‘கொள்’ளை மறக்காதீர்கள். எடுத்தான், எடுத்துக்கொண்டான். இரண்டாவதில் அவனுக்கு லாபம் இருக்கிறது. இதற்கு ஆங்கிலத்தில் தனி வால் கிடையாது, நீங்களே பார்த்து ஒட்ட வேண்டும்.

6. இனி அகராதி. ஆங்கிலச் சொல்லைத் தேடிப் பக்கத்திலுள்ள தமிழை எழுதுவது கடைசிப் படி. முதற்படியில் தமிழ்ப் பக்கமிருந்து வாருங்கள். நைட் பாதிரியார் சேர்க்கத் தொடங்கி, பலர் கைமாறி, வின்ஸ்லோ 1862இல் சென்னையில் வெளியிட்ட பெரிய அகராதியில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. உடுப்பிட்டிச் சந்திரசேகர பண்டிதரின் பெயரோடு 1842இல் வந்த மானிப்பாய் அகராதி தமிழுக்குத் தமிழ். இரண்டிலும் எடு, பிடி, கொள், வாங்கு, பற்று என்று ஒவ்வொன்றாய்த் திறந்து ஒரு பின்னேரம் இருந்து வாசியுங்கள். அப்போதுதான் எங்கள் வினைகள் எவ்வளவு தூரம் நீளும், எங்கே நிற்கும் என்று கைக்குப் பிடிபடும். ஒக்ஸ்போர்ட் அகராதிக்காரர் ‘ரன்’ என்ற ஒரு வினைக்கு 645 பொருள் பிரித்தார்களாம். பயப்பட வேண்டாம். உங்களுக்கு முன்னால் இருக்கிற வாக்கியத்தில் ஒன்றுதான் இருக்கும்.

7. ‘இடம்பெற்றது.’ இதை எழுதாதீர்கள். விபத்து இடம்பெற்றது, கூட்டம் இடம்பெற்றது, மரணச் சடங்கு இடம்பெற்றது என்று எங்கள் பத்திரிகைகளில் வராத நாளில்லை. ‘டேக் பிளேஸ்’ கோட்டும் சூட்டும் போட்டு நிற்கிறது. அணியில் ஒருவர் இடம்பெறலாம், மலரில் ஒரு கட்டுரை இடம்பெறலாம். விபத்து நடக்கும். நாற்பது வருடமாகச் சண்டை பிடித்துத் தோற்றுப்போன விஷயம் இது. நீங்களாவது பிடியுங்கள்.

8. ஆனால் எல்லாவற்றோடும் சண்டை பிடிக்க வேண்டாம். “சோதனை எடுக்கிறன்” என்று நான் சிறுமியாக இருந்தபோதே சொன்னேன்; அது எங்கிருந்து வந்தது என்று இப்போது கிண்டிப் பயனில்லை, வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. ஆங்கிலக்காரனும் யோக்கியனல்ல. பழைய ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு ‘நிமன்’ என்றொரு சொல் இருந்தது. ஜெர்மன்காரர் இன்றும் அதன் உறவைத்தான் வைத்திருக்கிறார்கள். கடல் கடந்து வந்த வடநாட்டாரின் ‘தக’ வந்து அதைத் துரத்திவிட்டு ‘டேக்’ ஆகி உட்கார்ந்தது. எடுப்பதற்கான சொல்லையே அயலவனிடம் எடுத்தவர்கள்!

இதை நினைத்துக்கொண்டுதான் என் பேத்தியோடு பொறுமையாய் இருக்கிறேன். போன ஞாயிறு ரொறன்ரோவிலிருந்து கதைத்தாள். “அம்மம்மா, நான் பஸ் எடுத்துக் கம்பஸுக்குப் போறன்.” எடுத்து எங்கை வைக்கிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அப்ப நீங்கள் என்னெண்டு சொல்லுவியள்?” என்றாள். காரைநகர் பஸ்ஸில் போறன் என்று சொல்லுவன் என்றேன். “அது இங்கை ஓடாதே, அம்மம்மா.”